டிக் டிக் சத்தம் வந்தால் அணைத்துவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கடைக்கு வருகிறவர்களில் சிலர் என்னை ‘டிஸ்க் டாக்டர்’ என்று அழைப்பதுண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். நான் முதலில் மின்சாரத்தைப் பிடுங்கச் சொல்வேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடிப்படிக்கு அடியில், ஆறடிக்கு எட்டடி இடத்தில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் நான். 1988-ல் வால்டாக்ஸ் ரோட்டில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டேன். டேப் படுத்ததும், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கோப்புகளைச் சேமித்த பிளாப்பிக்கு வந்தேன். பிளாப்பி படுத்ததும் ஹார்ட் டிஸ்குக்கு வந்தேன்.

சென்ற இதழில் ஆசிரியர் கேள்விகள் அனுப்பச் சொன்னதற்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கேட்டவர்களின் பெயரைப் போடப்போவதில்லை. டிஸ்கில் இருப்பது வீட்டுச் சங்கதி. ஊரும் தொழிலும் தெரிந்தால் போதும்.

ஐயா, நான்கு வருடக் கல்யாணப் படங்கள் இருக்கும் 2 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் மாட்டினால் ‘டிக்... டிக்...’ என்கிறது, படங்கள் தெரியவில்லை. தினமும் நான்கைந்து முறை மாட்டிப் பார்க்கிறேன். ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார் நண்பர். திறந்து முள்ளை நகர்த்திவிட்டால் போதும் என்கிறான் மச்சான். யார் பேச்சைக் கேட்பது? – ராயபுரம், போட்டோ ஸ்டூடியோ உரிமையாளர்

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். தினமும் மாட்டிப் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதை நிறுத்துங்கள். கீழே விழுந்தது ஒரு முறைதான். அதன்பின் நீங்கள் மாட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் அதற்கு இன்னொரு அடி.

அந்தப் பெட்டிக்குள் கண்ணாடிபோல் மெருகேறிய வட்டத் தட்டுகள் இருக்கின்றன. உங்களுடையது போன்ற உள்ளங்கை அளவு டிஸ்குகளில் அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். தட்டின் விளிம்பு மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நமக்குக் கிடைக்காத வேகம். உங்கள் மச்சான் கிராமபோன் முள்ளை மனத்தில் வைத்துப் பேசுகிறார். கிராமபோன் முள் தட்டை உரசினால்தான் பாட்டு வரும். இங்கே ஹெட் என்னும் படிக்கும் முனை தட்டை உரசினால் கதை முடிந்தது. தட்டு சுழலும்போது கூடவே இழுபடும் காற்றுதான் ஹெட்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. இடைவெளி 10 நானோமீட்டருக்கும் குறைவு. தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். பீடிப் புகையின் ஒரு துகள் அந்த இடைவெளிக்குள் போனால் அது பாறாங்கல்.

அந்த ‘டிக்’ எங்கிருந்து வருகிறது? தட்டின் மேல் தான் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஹெட்டுக்குத் தெரிவதற்காகத் தொழிற்சாலையிலேயே குறிகள் எழுதி அனுப்பியிருப்பார்கள். ராத்திரி பஸ் ஓட்டுநர் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போவதுபோல ஹெட் அந்தக் குறிகளைப் படித்துக்கொண்டே போகும். அடிபட்ட ஹெட்டுக்குப் பலகை தெரிவதில்லை. வழி தவறியதும் புறப்பட்ட இடத்துக்கே ஓடி வருகிறது, மறுபடி புறப்படுகிறது, மறுபடி ஓடி வருகிறது. ஒவ்வொரு திரும்பலுக்கும் ஒரு ‘டிக்’. கோணிப்போன ஹெட்டாக இருந்தால் போகும்போதும் வரும்போதும் தட்டைச் சுரண்டிக்கொண்டே இருக்கும்.

சென்ற ஆண்டு ஒருவர், இப்படி இரண்டு வாரம் மாட்டிப் பார்த்த டிஸ்கைக் கொண்டுவந்தார். டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்டுக் கொடுக்கும் பெரிய ஆய்வகத்தில் கைவிரித்து அனுப்பிய பிறகு, ‘உள்ளே என்னதான் ஆயிற்று, காட்டுங்கள்’ என்று கேட்டார். மூடியைத் திறந்தேன். தட்டில் என் முகம் தெரிந்தது. நெற்றியை அறுத்துக்கொண்டு நூல் தடிமனில் ஒரு வளையம். பெட்டியின் மூலையில் காற்றை வடிகட்ட நகத்தளவு வெள்ளைத் துணி ஒன்று செருகியிருப்பார்கள். அது அடுப்புக்கரி தடவியதுபோல் கறுத்திருந்தது. விரலால் தொட்டேன், மை மாதிரி ஒட்டியது. ‘இது என்ன?’ என்றார். தட்டின் மேற்பூச்சு என்று சொன்னேன். அவருடைய மகளின் காதுகுத்துப் படங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஃப்ரீசர் வைத்தியம் பழைய காலத்து டிஸ்குகளில் ஒட்டிக்கொண்ட பாகம் விடுபட என்று யாரோ ஆரம்பித்தது. நம் ஊர்க் காற்றில் ஃப்ரீசரிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் எப்படி வியர்க்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள். அந்த வியர்வை தட்டின் மேல் வேண்டுமா?

செய்ய வேண்டியது இது. கேபிளைப் பிடுங்குங்கள். பஞ்சிலோ துணியிலோ சுற்றி ஒரு டப்பாவில் வையுங்கள். தூசியற்ற அறை வைத்திருக்கும் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். அதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து நல்ல ஹெட்டை எடுத்துப் பொருத்தி, ஒரே ஓட்டத்தில் முடிந்தவரை நகலெடுப்பார்கள். செலவு டிஸ்கின் விலையைப்போலப் பல மடங்கு ஆகும். படம் வராவிட்டால் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். நான் திறக்க மாட்டேன். என் கடையில் காலையில் ஊதுபத்தி, மாலையில் எதிர்க்கடையிலிருந்து பஜ்ஜிப் புகை.

நான் செய்வதெல்லாம் கேட்பதுதான். ரேடியோ காலத்துப் பழக்கம். திருப்புளியின் முனையை டிஸ்க் மூடியில் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். நல்ல டிஸ்க் தூரத்து மின்விசிறி மாதிரி. மோட்டார் சுழல முடியாமல் திணறினால் கொசு மாட்டிக்கொண்டதுபோல் ஓர் ஈனமான ரீங்காரம் வரும்; ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டதற்கான அறிகுறி. ஒரு சத்தமும் இல்லையென்றால் எனக்குச் சந்தோஷம்: பழுது பெரும்பாலும் வெளியே இருக்கும் சர்க்யூட் போர்டில்தான், தட்டுகள் பிழைத்திருக்கும். ‘சத்தமே இல்லை, போய்விட்டது’ என்று அழுதுகொண்டு வருகிறவர்களுக்குத்தான் நான் டீ வாங்கிக் கொடுப்பேன்.

1 டிபி என்று அட்டையில் போட்டு விற்றார்கள். வீட்டில் மாட்டினால் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. 69 ஜிபியைக் கடைக்காரர் சாப்பிட்டுவிட்டாரா? – பெரம்பூர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்

இல்லை ஐயா. எம்.சி. ரோட்டில் துணி எடுத்திருப்பீர்கள். ஒரே துணியை மீட்டரில் அளந்தால் ஓர் எண், கஜத்தில் அளந்தால் வேறோர் எண், துணி குறைவதில்லை. டிஸ்க் செய்கிறவர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்: 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். உங்கள் கம்ப்யூட்டரின் விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. லட்சம் கோடியை 1,024-ஆல் மூன்று முறை வகுத்துப் பாருங்கள், 931 வரும். 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டுவதும் இதனால்தான். ஆனால் விண்டோஸ் தன் அளவுக்கும் ‘ஜிபி’ என்றே பெயர் போடுகிறது பாருங்கள், குழப்பமே அதில்தான். கஜக்கோலில் மீட்டர் என்று எழுதி வைத்ததுபோல.

கம்ப்யூட்டரில் சி டிரைவ், டி டிரைவ் இருக்கின்றன. ஏ, பி எங்கே போயின? – தண்டையார்பேட்டை, பிளஸ் ஒன் மாணவர்

தம்பி, அவை இரண்டும் பிளாப்பி டிரைவுகளின் நாற்காலிகள். ஆட்கள் இறந்துவிட்டார்கள், நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. இரண்டு பிளாப்பி டிரைவ் வரை போட்டுக்கொள்ளலாம். ஒன்று ஏ, இன்னொன்று பி. 1983-ல் வந்த எக்ஸ்டி மாடலில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க் சேர்ந்தது. அதற்குக் கிடைத்த எழுத்து சி. 10 எம்பி என்றால் இன்று உன் கைபேசியில் எடுக்கும் மூன்று நான்கு படங்கள். அதற்கும் முன்னால் போனால், 1956-ல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய உலகின் முதல் ஹார்ட் டிஸ்கில் இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். ஒரே ஒரு படத்தோடு நிரம்பிவிடும்.

1991-ல் பாரிமுனையில் ஒரு கணக்கு அலுவலகத்துக்குப் பராமரிப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை பிடித்தால் எனக்குக் கொண்டாட்டம். பிளாப்பி உறைக்குள் இருக்கும் தட்டில் வெண்புள்ளியாகப் பூஞ்சை படரும். உறையை ஓரமாகப் பிளந்து தட்டை உருவி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் நடுவிலிருந்து வெளியே துடைத்து, நிழலில் உலர்த்தி, வேறோர் உறையில் போட்டுப் படிக்க வைப்பேன். அப்பளம் காய வைத்திருக்கிறாயா என்று மேனேஜர் கேட்பார். அதில் பத்துக்கு ஏழு பிழைத்தன. சோனி நிறுவனம் 2011-ல் பிளாப்பி விற்பனையை நிறுத்தியபோது எனக்குக் கொஞ்சம் மனசு கனத்தது உண்மை.

மேலே ரயில்வே ஐயா கேட்டதற்கும் இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1.44 எம்பி என்று அச்சிட்ட பிளாப்பியில் உண்மையில் இருப்பது 14,74,560 பைட். ஆயிரத்தால் வகுத்தாலும் 1.44 வராது, 1,024-ஆல் வகுத்தாலும் வராது. ஒரு முறை ஆயிரத்தாலும் ஒரு முறை 1,024-ஆலும் வகுத்தால்தான் வரும். மீட்டரும் கஜமும் கலந்த அளவு!

ஐஸ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் டிஸ்க் சில நாள் தெரிகிறது, சில நாள் தெரிவதில்லை. தட்டினால் தெரிகிறது. மாற்ற வேண்டுமா? – காசிமேடு, வாசகி

தட்டாதீர்கள் அம்மா. சுழலும் டிஸ்கைத் தட்டுவது என்றால் என்ன என்று ராயபுரத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

உங்கள் இடத்தைச் சொன்னதும் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. கடல் காற்றில் உப்பு. மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் கடைகளிலிருந்து வரும் கம்ப்யூட்டர்களை மூடி கழற்றாமலே என்னால் சொல்ல முடியும். ஸ்க்ரூவின் தலையில் துரு பூத்திருக்கும். முதலில் டிஸ்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே ஓடும் சாட்டா கேபிளை மாற்றுங்கள். ஒரு சாப்பாட்டு விலைதான். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையென்றால், இப்போதே கணக்கையெல்லாம் வேறொரு டிஸ்கில் நகலெடுத்துவிட்டு, தெரிந்தவரைக் கொண்டு அடுத்ததைப் பாருங்கள். டிஸ்கின் அடிப்பக்கம் பச்சை நிறச் சர்க்யூட் போர்டு ஒன்று நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களால் பொருத்தப்பட்டிருக்கும். கழற்றித் திருப்பினால், உள்ளிருக்கும் ஹெட்டுக்கும் மோட்டாருக்கும் இணைப்புக் கொடுக்கும் தகட்டுப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை தங்க நிறத்தில் அல்லது ஈய நிறத்தில் பளபளக்க வேண்டும். காசிமேட்டு டிஸ்குகளில் கறுத்துப்போய், பழைய வெள்ளிக் கொலுசு மாதிரி இருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் தள்ளி, ஐசோபுரோபில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பளபளப்புத் திரும்பும். போர்டை மட்டும்தான் கழற்ற வேண்டும். மேல் மூடியைத் தொடக்கூடாது. மூடியில் ஒரு சின்னத் துளை தெரியும். ‘இதை மூடாதே’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான துளை அது. உப்பு போகாமலிருக்கட்டும் என்று ஒருவர் அதன்மேல் செல்லோடேப் ஒட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்.

காற்றைச் சொன்னதால் தண்ணீரையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு என் கடை வாசலில் வரிசை நின்றது. எண்ணூர்ப் பக்கம் இருந்து வந்தவற்றில் சேற்றோடு எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்திருந்தது. நனைந்த டிஸ்கை அரிசி மூட்டையில் புதைத்தவர்கள் உண்டு. மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதுபோல் வெயிலில் வைத்தவர்களும் உண்டு. இரண்டும் தவறு. தண்ணீர் உலர்ந்தால் அதிலிருக்கும் உப்பும் அழுக்கும் தட்டில் கறையாக இறுகிவிடும். நனைந்ததை நனைந்தபடியே பிளாஸ்டிக் பையில் கட்டி, மின்சாரம் கொடுக்காமல், சீக்கிரம் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரி. அப்படி ஈரத்தோடு வந்தவற்றில் சிலவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ரேஷன் கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கு எல்லாமே திரும்பக் கிடைத்தன.

கால்பந்துப் போட்டி வீடியோ 6 ஜிபி. பென் டிரைவில் 20 ஜிபி காலி. ஆனால் ‘இடமில்லை’ போல ஏதோ சொல்லி ஏற்ற மறுக்கிறது. – வியாசர்பாடி, குழுப் பயிற்சியாளர்

பென் டிரைவ் ஃபேட்32 என்னும் பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. எவ்வளவு காலி இடம் இருந்தாலும் சரி. உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். சில பழைய டிவிகளுக்கு அது படிக்காது. அப்போது முதல் பாதி ஒரு கோப்பு, இரண்டாம் பாதி ஒரு கோப்பு என்று வெட்டிக்கொள்ளுங்கள், ஆட்டமே அப்படித்தானே.

நடைபாதைக் கடை ஒன்றில் 2 டிபி பென் டிரைவ் 600 ரூபாய்க்கு வாங்கினேன். கம்ப்யூட்டரும் 2 டிபி என்றே காட்டுகிறது. ஆனால் போட்ட படங்களில் பாதி திறக்கவில்லை. – கொருக்குப்பேட்டை, லாரி புக்கிங் அலுவலக ஊழியர்

கம்ப்யூட்டர் தானாக அளந்து பார்ப்பதில்லை. ‘நீ எவ்வளவு?’ என்று கேட்கும். பென் டிரைவ் சொல்வதை நம்பிக்கொள்ளும். உங்களுடையது பொய் சொல்லப் பழக்கப்பட்டது. உள்ளே 16 அல்லது 32 ஜிபிதான் இருக்கும். அது நிரம்பியதும் புதிதாக வருவதைப் பழையதன் தலைமேலேயே எழுதும், அல்லது வாங்கிக் கீழே போட்டுவிடும். கோப்பின் பெயர் மட்டும் அழகாகத் தெரியும்.

இதே வகை ஒன்றைப் பிளந்து பார்த்தேன். நல்ல உலோக உறை, கையில் கனமாகத்தான் இருந்தது. உள்ளே பாதி இடம் காலி. மீதியில் கைபேசியில் போடும் மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்றைப் பசையால் ஒட்டியிருந்தார்கள். கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டு! அந்த இரும்பை வைத்தவனுக்குத் தொழில் தெரியும்.

வாங்கியவுடன் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்ப்பதுதான் சோதனை. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் அதைச் செய்யும். இனி அதில் எதையும் ஏற்றாதீர்கள். திறக்கிற படங்களை உடனே வேறிடம் மாற்றுங்கள். 600 ரூபாய் போனது போனதுதான்.

குழந்தையின் முதல் வருட வீடியோக்களைத் தவறுதலாக லேப்டாப்பிலிருந்து அழித்துவிட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டேன். எஸ்எஸ்டி போட்ட லேப்டாப். மீட்க முடியுமா? – கொடுங்கையூர், வாசகி

அம்மா, சுழலும் டிஸ்க் என்றால் தைரியமாக ‘முடியும்’ என்று எழுதியிருப்பேன். அதில் அழிப்பது என்பது குடியிருப்பு வாரிய அலுவலகத்துப் பதிவேட்டில் பெயரை அடிப்பது மாதிரி. பெயரை அடித்தாலும் வீட்டில் ஆட்கள் அப்படியே இருப்பார்கள். புதியவருக்கு அந்த வீட்டை ஒதுக்கி அவர் சாமான்களோடு வந்து இறங்கும்போதுதான் பழையவர் வெளியேறுவார்.

எஸ்எஸ்டி வேறு சாதி. சுழலும் தட்டே கிடையாது, சிப்பில் எழுதி வைப்பது. ஒரு முறை எழுதிய இடத்தில் நேரடியாக மேலெழுத அதனால் முடியாது. முதலில் ஒரு பெரிய பகுதியை மொத்தமாகத் துடைக்க வேண்டும். அந்த வேலையை முன்கூட்டியே முடித்து வைக்க, நீங்கள் அழித்தவுடன் விண்டோஸ் ‘இந்த இடங்கள் இனி வேண்டாம்’ என்று டிரிம் கட்டளை கொடுத்துவிடும். அதன்பின் அந்த இடத்தைக் கேட்டால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் வரும். உங்கள் லேப்டாப்பில் அது நடந்திருக்கும். பணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருகிறேன் என்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஆனால் வீடியோவை எதில் எடுத்தீர்கள்? பழைய கைபேசியில் மெமரி கார்டு இருந்ததா? லேப்டாப்புக்கு மாற்றிவிட்டுக் கார்டிலிருந்து அழித்திருந்தாலும் பரவாயில்லை. கார்டில் பெரும்பாலும் அந்த டிரிம் விவகாரம் நடந்திருக்காது. அதை இனிமேல் எதிலும் போட்டுப் படம் எடுக்காமல், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடிப் பாருங்கள். மீட்பதை அதே கார்டில் எழுதாமல் வேறு டிஸ்கில் எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் மாமியாருக்கு அனுப்பியவையும் இருக்கும். பாட்டிகள் எதையும் அழிப்பதில்லை.

தவறுதலாக என்று வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். 2009-ல் ஒரு டியூஷன் ஆசிரியரின் 80 ஜிபி டிஸ்கைப் புதிய டிஸ்குக்கு நகலெடுக்க வேண்டியவன், காலியான புதியதை அவருடைய பழையதன்மேல் நகலெடுத்தேன். திசை மாறிவிட்டது. நான்கு நிமிடம் கழித்துத்தான் கண்டேன். நான்கு நிமிடத்தில் 14 ஜிபி போயிற்று. மீதியை மீட்டபோது கோப்புகளுக்குப் பெயர் இல்லை, வெறும் எண்கள். பதினோரு வருட வினாத்தாள்கள். அவர் தினமும் மாலை வந்து, என் முக்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திறந்து பெயர் வைத்தார். பத்து நாள். கடைசி நாள் பணம் நீட்டினார், நான் வாங்கவில்லை. அதன்பின் அவர் கடைப்பக்கம் வரவில்லை. அன்றிலிருந்து வாடிக்கையாளர் டிஸ்க் கைக்கு வந்தவுடன் அதில் சிவப்பு நூல் கட்டுவேன். நூல் கட்டியதற்குள் எதையும் எழுதக்கூடாது. சாமிக் கயிறா என்று கேட்பார்கள். ஆமாம் என்றுதான் சொல்வது.

பேத்திக்குப் பிற்காலத்தில் கொடுக்கக் குடும்பப் படங்களை ஓர் எஸ்எஸ்டியில் போட்டு, நகையோடு பீரோவில் வைக்க நினைக்கிறேன். இருபது வருடம் தாங்குமா? – மணலி, வாசகர்

நகை தாங்கும். எஸ்எஸ்டியும் பென் டிரைவும் ஒரே குடும்பம். 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃப்ளாஷ் நினைவகம். கோடிக்கணக்கான சின்னச் சின்ன அறைகளில் மின்னூட்டத்தைச் சிறைப்பிடித்து வைப்பதுதான் அதன் தந்திரம். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் குடம் நிறைந்திருக்கிறதா, காலியா என்று மட்டும் பார்த்தார்கள். இப்போது கொள்ளளவைக் கூட்ட, ஒரே குடத்தில் 8 மட்டம், 16 மட்டம் என்று கோடு போட்டு, எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று படிக்கிறார்கள். குடம் கொஞ்சம் கசிந்தாலும் கோடு மாறிவிடும். சூடு ஏறினால் கசிவு கூடும். ஜெடெக் என்னும் தர அமைப்பு சாதாரண எஸ்எஸ்டிக்கு வைத்திருக்கும் விதி, எழுதி எழுதி அதன் ஆயுள் முழுவதும் தேய்ந்த பிறகு, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தாங்க வேண்டும் என்பதுதான். புதிதாக இருந்தால் அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் மணலியில் மே மாதத்து இரும்பு பீரோவுக்குள் 30 டிகிரியா?

பீரோவில் தூங்க வைப்பதற்குச் சுழலும் ஹார்ட் டிஸ்கே மேல். காந்தம் அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை. அதுவும் ஒன்று போதாது. ஒன்று உங்களிடம், இன்னொன்று பேத்தியின் அப்பா வீட்டில். போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பீரோவையும் திறப்பீர்கள் அல்லவா, அன்று இரண்டையும் மாட்டி, நான்கு படம் திறந்து பாருங்கள். டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் மஞ்சள் நிறம் காட்டினால் புதியதற்கு மாற்றுங்கள். பேத்திக்குப் பிடித்த இருபது முப்பது படங்களைக் காகிதத்திலும் அச்சிட்டு வையுங்கள். என் தொழிலுக்கு விரோதமான யோசனைதான்.

பழைய லேப்டாப் நத்தை போல ஓடுகிறது. புதிது வாங்கவா? – புளியந்தோப்பு, தையல் கடை உரிமையாளர்

வேண்டாம். சுழலும் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். 5,400 சுற்று டிஸ்கில் வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே சுழன்று வரவே சராசரியாக 5.6 மில்லி வினாடி ஆகும். ஹெட் நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுழலவும் ஏதுமில்லை, நகரவும் ஏதுமில்லை. பழைய டிஸ்கை ஒரு பெட்டியில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

செத்த டிஸ்குகளை என்ன செய்வீர்கள்? – திருவொற்றியூர், ஏழாம் வகுப்பு மாணவி

கண்ணு, உரிமையாளர் சொன்னால் தட்டில் துளை போட்டுவிட்டுப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுப்பேன். நீ வீட்டில் செய்து பார்க்காதே; சில தட்டுகள் அலுமினியம், சில கண்ணாடி. வளைத்தால் கண்ணாடித் தட்டு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதற்கு முன்னால் உள்ளிருக்கும் இரண்டு காந்தங்களைக் கழற்றி வைத்துக்கொள்வேன். மெல்லியவைதான்; ஆனால் நியோடிமியம் என்னும் உலோகம் கலந்த, மிக வலுவான காந்தங்கள். ஒரு முறை இரண்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் மாட்டி ரத்தம் கட்டிவிட்டது. இப்போது என் கடை இரும்பு அலமாரியில் திருப்புளி, இடுக்கி, ஸ்க்ரூ எல்லாம் அந்தக் காந்தங்களில்தான் தொங்குகின்றன.

பக்கத்து சலூன்காரருக்கு ஒரு தட்டு கொடுத்தேன், பின்கழுத்தைக் காட்டும் கைக்கண்ணாடியாக இருக்கட்டும் என்று. இரண்டு நாளில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். ‘நடுவில் ஓட்டை இருக்கிறது அண்ணே, பார்க்கிறவர்கள் எல்லாம் முடி கொட்டிவிட்டது என்று சண்டைக்கு வருகிறார்கள்.’